கிடாவின் பல்லும் செவலையின் விலையும்

போன வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால், எங்கள் வீட்டில் யாரும் காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் போய் ஒரு செம்மறிக் கிடாவின் வாயைத்தான் பார்த்தோம். முதலில் என் கணவர் போவார். அடுத்து மாமனார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போவார். இரண்டு பேரும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பிய பிறகு, அவர்கள் பார்வையில் நம்பிக்கை இல்லாமல் நானும் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். கிடா பாவம், கடைசியில் யாராவது குனிந்தாலே தானாக வாயைத் திறக்கப் பழகிவிட்டது.

விஷயம் இதுதான். பெருநாளில் பலி கொடுக்கிற குர்பானிக்கு ஆடு வாங்குகிறவர்கள் முதலில் பல்லைப் பார்ப்பார்கள். கீழ்த்தாடையில் நடுவில் இருக்கிற இரண்டு பால்பல்லும் விழுந்து புதுப்பல் முளைத்தால் அது பல் போட்ட கிடா. வயது வந்துவிட்டது என்று அர்த்தம், பெருநாள் விலை கிடைக்கும். பால்பல் அப்படியே இருந்தால் என்னதான் தளதளவென்று வளர்ந்து நின்றாலும் கறி விலைதான். எங்கள் கிடா வளர்த்தியில் ஒரு குறையும் இல்லை. கொம்பு முறுக்கிக்கொண்டு நின்றது. பல் மட்டும் விழ மாட்டேன் என்றது.

எங்கள் ஊர் ராதாபுரத்துக்குத் தெற்கே, பனையும் முள்ளுமாகக் கிடக்கிற காடு. கிணறு உண்டு. கிணற்றில் கொஞ்சம் தண்ணீரும் உண்டு. அதை மேலே கொண்டுவருகிற மோட்டார்தான் கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம் புகைந்து அடங்கிவிட்டது. மெக்கானிக் அதைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பக்கத்துத் தோட்டத்தில் இரவல் தண்ணீர் கேட்டு முருங்கைக்கு விட்டுக்கொண்டிருந்தோம். கிடாவுக்குப் பெருநாள் விலை கிடைத்தால் புது மோட்டார் வாங்கலாம். கிடைக்காவிட்டால் செவலையை விற்றுவிட வேண்டும் என்று மாமனார் முடிவாகச் சொல்லியிருந்தார்.

செவலை எங்கள் பசு. கன்றுக்குட்டியாக இருந்ததிலிருந்து நான் வளர்த்தவள். அப்போது இரண்டாம் சினை. நான் தொழுவத்துக்குள் நுழைந்தால் கழுத்தை நீட்டி என் சேலைத் தலைப்பைக் கடிப்பாள். அவள் வேறொருவர் வண்டியில் ஏறுவதை நினைக்கவே எனக்கு மனம் வரவில்லை. இதை வீட்டில் சொன்னால், பசுவுக்காக அழுகிறாள் என்று கேலி செய்வார்கள். அதனால் கிடாவின் பல் மேல் இருந்த ஆசையை மட்டும் வெளியே காட்டிக்கொண்டேன்.

மாட்டு வியாபாரி ஒருவர், பக்கத்து ஊர்க்காரர், ஏற்கெனவே பைக்கில் வந்து செவலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் இழவு வீட்டுக்கு வந்தவர் என்றே நினைக்கத் தோன்றும்.

"இப்பம் மாட்டை யாரு கேக்கா அண்ணாச்சி? மழை இல்ல. ஆத்துப் பக்கத்துல இருந்து வைக்கோல் கட்டு வாரதுக்குள்ள அது தங்கம் விலை ஆயிருது. கேரளாக்காரனும் முன்ன மாதிரி வரல. வழியில எவனும் வண்டிய மறிப்பானோன்னு டிரைவர்மாருக்குப் பயம். நீங்க கேட்டதுக்காக நான் பிடிக்கேன், அவ்வளவுதான்" என்று மாமனாரிடம் சொன்னார்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மழை இல்லாத வருடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மாட்டை அவிழ்த்துக்கொண்டு சந்தைக்குப் போவார்கள். வாங்கக்கூடியவனும் நம்மைப்போல மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆட்டுக்கு மட்டும்தான் பெருநாள் புண்ணியத்தில் விலை ஏறிக்கொண்டே போனது. வாட்ஸாப்பில் தினமும் கிடாக்களின் படம் வரும், பக்கத்தில் விலை. அதைப் பார்த்துவிட்டு நாங்கள் மறுபடியும் போய் எங்கள் கிடாவின் வாயைத் திறப்போம்.

என் கணவருக்கு யோசனைக்குப் பஞ்சமே இல்லை. கடினமாகக் கடித்தால் பல் ஆடும் என்று மக்காச்சோளக் கதிரை அப்படியே கொடுத்தார். காய்ந்த பனங்கிழங்கைக் கொடுத்தார். ஒருநாள் கொப்பரைத் துண்டை நீட்டிக்கொண்டு நின்றார். "அதை எனக்குத் தந்தா குழம்புக்கு ஆவும்" என்றேன். கிடா எல்லாவற்றையும் தின்று இன்னும் கொழுத்தது. பல் அசையவில்லை.

பெருநாளுக்கு முந்திய கடைசி சந்தைக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது, காலையில் தொழுவத்திலிருந்து ஒரு கூச்சல். ஓடிப் போனேன். கணவர் கிடாவின் வாய்க்குள் விரலை வைத்துக்கொண்டு, கண்ணில் நீரோடு நின்றார்.

"ஏளா, ஆடுது" என்றார்.

நானும் தொட்டுப் பார்த்தேன். இரண்டு பல்லும் ஆடின. மாமனார் கண்ணாடி இல்லாமலே வந்து தொட்டுப் பார்த்தார். எங்கள் மூன்று பேருக்கும் தலைகால் புரியவில்லை. எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

செவ்வாய்க்கிழமை விடியும் முன்னே குட்டியானை வண்டியில் கிடாவை ஏற்றிக்கொண்டு மேலப்பாளையம் சந்தைக்குக் கிளம்பினோம். நானும் போனேன். எங்கள் பக்கம் பெண்கள் சந்தைக்குப் போய் நின்று ஆடு விற்பது அபூர்வம். ஆனால் என் கணவரைத் தனியாக அனுப்பினால் கிடாவையும் கொடுத்து டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவார். அவருக்கு அப்படி ஒரு தாராள மனசு.

நாங்கள் செய்த தப்பு வழியில்தான் நடந்தது. இரண்டு பல்லும் இன்னும் விழவில்லை, ஆடிக்கொண்டுதான் இருந்தன. பேசாமல் கொண்டுபோய், விழப்போகிற பல் என்று காட்டியிருக்கலாம். சந்தோஷம் யாரை விட்டது? வள்ளியூரில் டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம். தெரிந்தவர் ஒருவர் வந்தார். கணவர் கிடாவின் வாயைத் திறந்து காட்டினார். அவர் பல்லை ஆட்டிப் பார்த்து, "ஆமா வே, விழுந்துரும்" என்றார். டீக்கடைக்காரரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஆட்டிப் பார்த்தார். நாங்குநேரியில் டிரைவரின் மச்சான் ஆட்டிப் பார்த்தார். புது மாப்பிள்ளையைப் பார்க்க வருகிற மாதிரி ஊர் ஊராக ஆட்கள் வந்து பல்லை ஆட்டிவிட்டுப் போனார்கள். மேலப்பாளையத்தில் கிடாவை இறக்கியபோது இடதுபக்கப் பல்லைக் காணோம். பல் இருந்த இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

விழுந்துவிட்டதே என்று நாங்கள் இன்னும் சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷம் முதல் ஆள் வந்து வாயைத் திறக்கும்வரைதான். அவர் ஒரு தரகர், துண்டைத் தலையில் கட்டியிருந்தார். உள்ளே பார்த்தார், எங்களைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னம்மா, வீட்டுல கொறடு வச்சிருக்கியளோ?" என்றார்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. பல் விழாத கிடாவின் பல்லைத் தட்டி எடுத்துவிட்டுக் கொண்டுவந்து நிறுத்துகிற ஆட்கள் உண்டு. எங்களையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். அடுத்து வந்தவரும் ரத்தத்தைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். மூன்றாவது ஆள் வாயைத் திறக்கவே இல்லை. செய்தி அவருக்கு முன்பே போயிருந்தது. அவ்வளவு பெரிய சந்தையில், ஆயிரம் ஆடு கத்துகிற இரைச்சலில், எங்கள் கிடாவின் பல் கதை மட்டும் எப்படித்தான் எல்லோருக்கும் கேட்டதோ தெரியவில்லை. ஒருவர் பெரிய மனசு பண்ணி, கறி விலைக்குத் தருகிறாயா என்று கேட்டார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றைக்கு உச்சந்தலைக்கே வந்துவிட்டது. "கறிக்கும் தர மாட்டேன், களவாணிப் பேரோடயும் தர மாட்டேன். எங்க கெடா எங்க வீட்டுக்கு வரட்டும்" என்று சத்தம் போட்டேன். சொல்லி முடித்ததும் செவலையின் முகம் கண்ணுக்குள் வந்தது. கிடாவைத் திருப்பிக் கொண்டுபோனால் அவள் போய்விடுவாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று தோன்றியது. என் கணவர் மெதுவாக நகர்ந்து ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் போய், யாருக்கோ போன் பண்ணிக்கொண்டிருந்தார். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நேரத்தில்தான் மேலப்பாளையத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி, கையில் போன். போனில் சவுதியில் இருக்கிற மகன். குர்பானிக் கிடாவை மகன் பார்த்துத்தான் வாங்க வேண்டுமாம்.

"வாப்பா, கேமராவைத் திருப்புங்க. உங்க தாடிதான் தெரியுது" என்றது போன்.

அவர் போனைத் திருப்பினார். கிடாவின் கொம்பைக் காட்டினார், வாலைக் காட்டினார். மகனுக்குப் பிடித்துவிட்டது. பல்லைப் பார்க்க அவர் குனிந்ததும், பழக்கதோஷத்தில் கிடா தானாகவே வாயை அகலத் திறந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ரத்தத்தைப் பார்த்ததும் பெரியவர் முகம் மாறியது.

"பாய், பாத்து. அந்தம்மா வீட்டுல கொறடு இருக்கு" என்றார் தரகர்.

"ஏம்மா, பல்லைத் தட்டினியளா?" என்று பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார். அவர் குரலில் கேலி இல்லை. அதனால் எனக்கும் கத்த வாய் வரவில்லை.

"இல்ல பாய். தானா ஆடுன பல்லு. வார வழியில எல்லாவனும் ஆட்டி ஆட்டிப் பாத்தானுவ, விழுந்துட்டு. வேணும்னா அந்தப் பக்கத்துப் பல்லைத் தொட்டுப் பாருங்க, அதுவும் ஆடும்."

அவர் சந்தேகத்தோடுதான் சுட்டுவிரலை உள்ளே விட்டார். பிடிக்கவில்லை, இழுக்கவில்லை, விரல் நுனியால் லேசாகத் தொட்டார். பல் அவர் விரலோடு வந்துவிட்டது.

அவர் அந்தப் பல்லைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சவுதியிலிருந்து மகனும் பார்த்தான். பெரியவர் வெலவெலத்துப்போய், "நான் ஒண்ணும் பண்ணல. நான் தொட்டேன், வந்துட்டு. நான் தட்டல" என்று கூட்டத்தைப் பார்த்து எல்லோரிடமும் சொல்லத் தொடங்கினார்.

"பாய், உங்க வீட்டுலயும் கொறடு இருக்கோ?" என்றேன்.

தரகர் உட்பட எல்லோரும் குலுங்கிச் சிரித்தார்கள். போனுக்குள் மகன் சிரிக்கிற சத்தம் கேட்டது. பெரியவரும் தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பல் விழுந்த இரண்டு இடத்திலும், ஈறுக்குள்ளிருந்து புதுப்பல்லின் வெள்ளை விளிம்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்து, "பெருநாளுக்குள்ள புண்ணு ஆறிரும்" என்றார்.

விலை பேசத் தரகர் துண்டை எடுத்தார். அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியக்கூடாது. நான் பெண், எந்த ஆம்பிளையின் விரலை நான் துண்டுக்குள் பிடிப்பது? கணவரையோ காணவில்லை. நான் நடுச்சந்தையில் நின்று, எனக்கு வேண்டிய விலையை உரக்கச் சொன்னேன். தரகர் காதைப் பொத்திக்கொண்டார்.

"எம்மா, பைய சொல்லுங்க. எல்லாவனும் கேக்கான்."

"கேக்கட்டும். நானும் எல்லாருக்கும்தான் சொல்லுதேன்" என்றேன்.

கொஞ்சம் குறைத்துக் கேட்டார்கள், கொஞ்சம் குறைத்தேன். முடிந்துவிட்டது. கறி விலையை எங்கேயோ கீழே விட்டுவிட்டு, நல்ல பெருநாள் விலை. பெரியவர் கிடாவின் கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டு, "நல்லா வளத்திருக்கியம்மா" என்றார். அந்தச் சொல் பணத்தைவிட இனித்தது. கிடா என்னைத் திரும்பிப் பார்க்காமல் அவர் பின்னால் போனது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அதன் பிறகு எங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். சந்தைக்கு வெளியே பரோட்டாக் கடையில் உட்கார்ந்து டிரைவரோடு வயிறு முட்டத் தின்றோம். கணவர் ஒரு கையால் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே மறுகையால் போன் பண்ணினார். நாத்தனாருக்குச் சொன்னார். வள்ளியூர் டீக்கடைக்காரருக்குச் சொன்னார். மெக்கானிக்குக்குச் சொல்லி, நாளைக்கு மோட்டார் வாங்க வரச் சொன்னார். பல்லை ஆட்டியவர்களில் ஒருவரையும் விடாமல் எல்லோருக்கும் நன்றி சொன்னார். திரும்பி வரும்போது குட்டியானையில் கிடா நின்ற இடத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்துகொண்டோம். செவலைக்கு நான் ஒரு கட்டு அகத்திக்கீரையும் வாங்கி மடியில் வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கீரையை எடுத்துக்கொண்டு நேராகத் தொழுவத்துக்குப் போனேன். முளைக்குச்சி மட்டும் இருந்தது. கயிறும் இல்லை, செவலையும் இல்லை.

மாமனார் வாசலிலிருந்து சிரித்துக்கொண்டு வந்தார். "காலையில வியாபாரி வந்தான். சொன்னதுக்கு மேல கொஞ்சம் கூட்டித்தான் வாங்கியிருக்கேன் தாயி" என்றார்.

"யாரு மாமா விக்கச் சொன்னா?"

"உன் மாப்பிள்ளைதான் போன் பண்ணினான். கெடா போவாது, மாட்டை முடிச்சிருங்கன்னான்."

வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று பேசிய போன் அது. கிடா விற்ற பிறகு இருக்கிறவர்கள் எல்லோருக்கும் போன் பேசிய மனுஷன், பெற்ற தகப்பனுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மறந்துபோயிருக்கிறார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் குட்டியானைக்கு அந்தப் பக்கம் போய், டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அழவில்லை. அழுதால் நேரம் போய்விடும். மாமனார் கையில் இருந்த பணத்தை வாங்கினேன், கிடாப் பணத்தோடு சேர்த்து முடிந்துகொண்டேன், டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னேன். கணவர் ஓடி வந்து பின்னால் தொற்றிக்கொண்டார்.

வியாபாரி வீட்டுக் கொட்டகையில் செவலை நின்றாள். என் குரல் கேட்டதும் கத்தினாள். வியாபாரிக்கு அந்தக் கத்தல் ஒன்றே போதுமானதாக இருந்தது. விலையை ஏற்ற அவருக்கு வேறு காரணமே வேண்டியிருக்கவில்லை.

"திரும்பக் கேட்டா எப்படித் தாயி? வண்டி சொல்லியாச்சு. இப்பிடி ஒரு மாட்டுக்கு நான் எங்க போவேன்? ரெண்டாம் சினை, சாதுவான மாடு. கேரளாக்காரன் காலையில இருந்து போன் மேல போன் பண்ணுதான்" என்றார்.

"மாட்டை யாரு கேக்கான்னு நீங்கதான அன்னைக்குச் சொன்னிய?"

"அது அன்னைக்கு" என்றார் அவர், துளியும் கூச்சம் இல்லாமல்.

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. காலையிலிருந்து மழை பெய்யவில்லை, வைக்கோல் விலை இறங்கவில்லை, எந்த ஊர்க்காரனும் புதிதாக வந்துவிடவில்லை. மாட்டின் கயிறு என் கையிலிருந்து அவர் கைக்குப் போயிருந்தது, அவ்வளவுதான். அதற்குள் அவளுக்கு விலை வந்துவிட்டது. எங்களைப் போன்றவர்கள் விற்கும்போது சந்தை எப்போதும் படுத்தேதான் கிடக்கிறது. நாங்கள் வாங்கப் போனால்தான் அது எழுந்து உட்காருகிறது. நான் சிரிப்பதைப் பார்த்து என் கணவரும் பயந்துகொண்டே சிரித்தார். வியாபாரிக்கு எங்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது, சீக்கிரம் விலையை முடித்தார். பெருநாள் விலைக்கும் கறி விலைக்கும் நடுவில் நாங்கள் எவ்வளவு சம்பாதித்தோமோ, அவ்வளவும் அவர் மடிக்குப் போனது. புது மோட்டாரும் அதோடு போனது.

சினை மாட்டைக் குட்டியானையில் ஏற்றிக் குலுக்க எனக்கு மனம் இல்லை. டிரைவரை அனுப்பிவிட்டு நடத்தியே கூட்டிக்கொண்டு வந்தோம். கணவர் பின்னால் வந்தார். பழைய மோட்டார் ஒன்று எங்கேயோ கிடைக்கும் என்றும், இனிமேல் கிணற்றடியில் தானே இறைத்துக் கொடுப்பதாகவும் ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தார். நான் அதற்குள் பாதி மன்னித்திருந்தேன், ஆனால் சொல்லவில்லை. செவலை நடந்துகொண்டே என் மடியில் இருந்த கீரையை இழுத்து இழுத்துத் தின்றாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பொழுது சாய்கிற நேரம், வழியெல்லாம் ஆட்கள். கயிற்றைப் பிடித்து மாட்டோடு வந்தால் எங்கள் பக்கம் விலை கேட்காமல் விட மாட்டார்கள். நானும் ஒளிக்காமல் சொன்னேன். ஒருவர் ரொம்பக் கூடுதல் என்றார். இன்னொருவர், இந்த மழையில்லாக் காலத்தில் மாடு வாங்கக் கிறுக்கா பிடித்திருக்கிறது என்று கேட்டார். எங்கள் ஊர் எல்லையில் ஆடு பத்திக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் மட்டும் நின்று, செவலையை முன்னும் பின்னும் பார்த்து, மடியைப் பார்த்து, முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"விலை கூடுதல்தான். ஆனா நல்ல மாடு. எங்க போய்ப் பிடிச்சிய?" என்றார்.

"எங்க வீட்டுத் தொழுவத்துலதான்" என்றேன்.